தம்பியின் கதையை எங்கே, யாரிடம் சொல்வது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கி ஒருதரம் சொல்லிவிடுகிறேன். கல்முனைப் பக்கம் உங்கள் ஊர். எட்டு மாதத்துக்கு முன் உங்கள் தம்பி இறந்துபோனார். வயது 23. தூள், அதாவது ஹெரோயின், பாவித்தவர். புனர்வாழ்வு முகாமில் நாலு மாதம் இருந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்து, திரும்பத் தொடங்கி, ஒன்பதாம் நாள் போய்விட்டார். ஊர் விளையாட்டுக் கழகம், ஜூன் 26 உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளன்று, பாடசாலை மண்டபத்தில் அவருடைய கதையைச் சொல்லும்படி உங்களைக் கேட்டிருக்கிறது. நீங்கள் மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அம்மாவோ, "செத்தவன ஏன் மனே சந்திக்கு இழுக்கிறாய்" என்று அழுகிறார். சொன்னால் நாலு பிள்ளைகளாவது தப்புமா, இல்லை குடும்ப மானம் போவதுதான் மிச்சமா என்று கேட்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பிறகு முகாம்களில் தொண்டராகத் தொடங்கி, பிறகு முறையாகப் படித்து, மட்டக்களப்பு மாவட்டத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். குடியாலும் போதைவஸ்தாலும் உடைந்துபோன வீடுகளோடுதான் அதிகம் பழக்கம். நான் வைத்தியர் இல்லை. மருந்து பற்றி இங்கே நான் சொல்வது வைத்தியர்களோடு சேர்ந்து வேலை செய்து அறிந்தது. என்னுடைய அப்பாவும் சாராயத்தால் போனவர்தான். அதைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் வாய் திறக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. அதனால் எட்டு மாதத்தில் மூன்று பக்கம் எழுதிய உங்களை நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

நீங்கள் வெளியே கேட்டது, பயன் உண்டா என்று. உள்ளே கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. "இவனுக்காக நான் எல்லாருக்கும் முன்னால் அழலாமா?" என்று கேட்கிறீர்கள். டெங்கு வந்தோ, மோட்டார் சைக்கிளில் அடிபட்டோ போன பிள்ளை என்றால் ஊரே வந்து முற்றத்தில் இருக்கும். பெண்கள் ஒப்பாரி வைத்து அவன் குணத்தையும் அழகையும் சொல்லி அழுவார்கள். போதையால் போன பிள்ளை என்றால் முப்பத்தோராம் நாள் வருவதற்கு முன்னமே, "அவன் தேடிக்கொண்டதுதானே" என்ற கதை வந்துவிடும். இப்படி, சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்து கெனத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989இல் எழுதினார். தமிழில் அதை ஊர் ஏற்காத துக்கம் என்று சொல்லலாம். துக்கம் குறைவதில்லை, அதை வைக்க இடம்தான் இல்லாமல் போகிறது. "மாரடைப்பு எண்டு சொல்லிட்டம்" என்று என்னிடம் வந்து சொன்ன குடும்பங்கள் ஒன்றிரண்டு இல்லை. ஒருதரம் மாரடைப்பு என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு திவசத்திலும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளை பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே பேசவேண்டும் என்ற உங்கள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. அது முதலில்.

நம்முடைய பக்கத்தில் இது புதிது என்றும் நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி வெளியில் ஒரு சொல் பேசமுடியாமல் இருந்தபோது, மட்டக்களப்புத் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். தெய்வமாடுபவர் முன்னால் நின்று கேட்டார்கள், கதறினார்கள், வாக்குக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் இங்கே தங்கியிருந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அந்தத் தாய்மார் இடம் பார்த்துப் பேசினார்கள் என்பதுதான். எங்கே பேசினால் தமக்கு ஆபத்தில்லை, எங்கே பேசினால் கேட்பவர் தாங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மூன்று பக்கத்துக்கும் அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

வெளியே கொட்டிவிட்டால் மனம் ஆறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போதும் உண்மையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரம் முழுக்கச் சனங்கள் வந்து குவிந்தார்கள். கமரா வைத்திருந்தவர்கள், படிவம் வைத்திருந்தவர்கள், அன்போடு வந்தவர்கள், எல்லாருக்கும் கதை வேண்டியிருந்தது. கல்லடிக்குப் பக்கத்து முகாமில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், வருகிறவர்களுக்கெல்லாம் அதே வரிசையில், அதே சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் சோறு கொண்டுபோனபோது, கேட்காமலே தொடங்கிவிட்டார். "பெரியவன் கையைப் பிடிச்சிருந்தன்..." என்று. நான் கேட்கவில்லை அம்மா, சாப்பிடுங்கள் என்றேன். என்னை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல்தடவை அழுதார். ஒரே ஒருமுறை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது பிற்காலத்து மனத்தாக்கத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்பது 2002இல் வந்த ஆய்வுத் தொகுப்பிலேயே தெரிந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறது. இது நிச்சயமான விஷயம். யாரும் உங்களைச் சொல்லவைக்கக் கூடாது. நீங்களாக விரும்பிச் சொல்வது வேறு, ஜூன் 26க்கு ஆள் தேவை என்பதற்காகச் சொல்வது வேறு.

எழுதுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள், "எழுதினபிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது" என்று. 1986இல் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனதில் அடக்கியதை நாலு நாள், நாளுக்குக் கால் மணித்தியாலம் எழுதவைத்துப் பார்த்தார். சிலருக்கு அது உடம்புக்கும் மனதுக்கும் நன்மை செய்தது. அதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. பொதுவில் நன்மை உண்டு, ஆனால் சிறிய நன்மை. மரணத் துக்கத்துக்கு அது உதவுகிறதா என்பதில் முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. உங்களுக்கு லேசானது என்றால் எழுதுங்கள். எழுதிய எல்லாவற்றையும் வாசித்துக் காட்டவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சரி, பாடசாலை மண்டபத்துக்கு வருகிறேன். இதில் நான் மழுப்பாமல் சொல்கிறேன்: வேண்டாம். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2013இல் தடுப்பு வேலைக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டது. எது பயன் தருகிறது, எது தருவதில்லை என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைப் பார்த்து எழுதியது. பாடசாலைகளில் பயன் தராத, அல்லது எதிர்ப்பலன் தரக்கூடிய முறைகள் என்று அதில் சொல்லப்பட்டவற்றில், பயமுறுத்தும் தகவலைக் கொட்டுவதும், முன்பு பாவித்தவர்களைக் கொண்டுவந்து அனுபவம் சொல்லவைப்பதும் இருக்கின்றன. நீங்கள் பாவித்தவர் இல்லை, இழந்தவர். அதனால் அந்த முடிவு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மண்டபம், ஒரு கதை, ஒரு பயம், பிறகு கைதட்டல் என்ற அந்த அமைப்பு அதேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு, போதையை விட்டு ஏழு மாதமான ஒரு பொடியனை நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். வலை இழுக்கிற பொடியன், நல்ல கதைகாரன். தகரக் கூரை மண்டபம், நூற்றைம்பது பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. எப்படித் தொடங்கினான், எத்தனை நாள் நித்திரை இல்லாமல் இருந்தான், அம்மாவின் தோட்டை எடுத்து அடகு வைத்தது, எல்லாம் சொன்னான். ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் மனம் நிறைந்திருந்தது. முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பத்தாம் வகுப்புப் பொடியன்மார் மூன்று பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் கேட்டான், "அண்ணா, மூண்டு நாள் நித்திரயே வராதா? அப்ப ராவெல்லாம் படிக்கலாம் என்ன?" மற்றவன் விலை கேட்டான். அந்தக் கிழமையே, நான் கூட்டிக்கொண்டு போன பொடியன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, சொல்லச் சொல்ல எனக்கு வாய் ஊறிட்டுது. மண்டபத்திலேயே கை நடுங்கினது, நீங்க காணல்ல" என்றான். அந்த மாதமே திரும்பத் தொடங்கிவிட்டான். பழைய இடத்தை, பழைய ஆட்களை, பழைய கதையை நினைப்பூட்டினால் ஆசை கிளம்பும் என்பது போதை பற்றிய பாடத்தில் முதல் அத்தியாயம். அது தெரிந்திருந்தும் நான் அவனை மேடையில் ஏற்றினேன். பிழை என்னுடையது.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர்கள் அழுவார்கள், உண்மையாகவே அழுவார்கள். ஆனால் அன்றைக்கு அழுததற்கும், ஆறு மாதம் கழித்து வாய்க்கால் கட்டில் கூட்டாளி ஒன்றை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க உதவுவது, கூட்டாளி வற்புறுத்தும்போது எப்படி மறுப்பது, கோபமும் கவலையும் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளோடு பல தவணைகளாகப் பேசிப் பழக்குகிற வகுப்புகள்தான். பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்யவேண்டிய வேலை அது. வருடத்துக்கு ஒருநாள் ஊர்வலம் விட்டு, மண்டபத்தில் ஒரு கதை சொல்லி அந்த வேலையை முடிக்கமுடியாது. கழகத்துப் பொடியன்மாருக்கு நல்ல மனம், அதில் சந்தேகமில்லை. அந்த மனத்துக்கு வேறு வேலை கொடுக்கலாம், கடைசியில் சொல்கிறேன்.

அப்படியென்றால் கதை எங்கே வேலை செய்கிறது? வளர்ந்தவர்களிடம். 2012இல் பட்ரிக் கொரிகனும் கூட்டாளிகளும் 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 38,000 பேருக்கு மேல். மனநோய் உள்ளவர்களை ஒதுக்கிவைக்கும் எண்ணம் எதனால் குறைகிறது என்பதுதான் கேள்வி. வளர்ந்தவர்களிடம், பாடம் நடத்துவதைவிட, அந்த அனுபவம் உள்ள ஒருவரை நேரில் சந்தித்துக் கதைப்பது அதிகம் வேலை செய்தது. கட்டிளம் பருவத்தவரிடம் அது தலைகீழ், பாடம்தான் கூட உதவியது. இது மனநோய் பற்றியது, போதை பற்றியது இல்லை. அந்த 14 நாடுகளில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற ஊர்களும் இல்லை. போதைப் பாவனை மீதான வெறுப்பு இன்னும் கடினமானது, ஏனென்றால் அதில் "அவன் செய்த பிழை" என்ற எண்ணமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இதை உறுதி என்று சொல்லாமல், நல்ல சாட்சி என்று மட்டும் சொல்கிறேன். நான் வேலையில் கண்டதும் அதோடு ஒத்துப்போகிறது.

ஒன்றைச் சொல்கிறேன். வாவிக்கரையோரம் ஒரு கிராமம். ஆறேழு பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்து கிடுகு பின்னுவார்கள். நான் வேறு வேலையாகப் போய், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறப்போட்ட ஓலை வாசம், ஒரு சின்னப் பிள்ளை ஈர்க்கு வைத்து விளையாடுது. திருமணப் பேச்சு, அரிசி விலை என்று போய்க்கொண்டிருந்த கதையில், ஒரு தாய் தலை நிமிராமலே சொன்னார், "நான் உங்களுக்கெல்லாம் ஒரு பொய் சொன்னன். என்ர மகனுக்கு ஹார்ட் அட்டாக் வரல்ல." ஒருவரும் பேசவில்லை. கைகள் மட்டும் நிற்கவில்லை, ஓலை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. அவர் மகன் கசிப்பில் தொடங்கி எப்படிப் போனான் என்று பத்து நிமிடம் சொன்னார். பெரிய கதை ஒன்றும் இல்லை. டொக்டரிடம் கூட்டிப் போக வெட்கப்பட்டு ஒரு வருடம் வைத்திருந்தேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முடித்து, தண்ணீர் குடித்து, இன்னொரு ஓலையை எடுக்கும்போது, எதிரில் இருந்தவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "என்ர சின்னவன் இப்ப பாவிக்கிறான் அக்கா" என்றார். அடுத்த கிழமை அந்தச் சின்னவன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு வாங்கிலில் தாயோடு இருந்தான். ஒரே நாளில் குணமாகிவிட்டான் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு தரம் வழுக்கினான். ஆனால் உயிரோடு இருக்கிறான்.

எனக்கு அந்த முற்றம் சொல்லித்தந்தது இதுதான்: இழப்பின் கதையைக் கேட்கவேண்டியவர், இன்னும் தொடங்காத பிள்ளை இல்லை. தொடங்கிவிட்ட பிள்ளையை வீட்டுக்குள் மூடிவைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கும் தாய், தகப்பன், அக்காதான். அவர்களுக்கு உங்கள் கதை பயமுறுத்தல் இல்லை. "எனக்கும் நடந்தது, நீங்கள் வந்து என்னிடம் சொல்லலாம்" என்ற செய்தி. உங்கள் ஊரில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று நீங்களே மனதுக்குள் எண்ணிப் பார்க்கலாம். முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் இந்த மூடிவைத்தலில் ஒரு வித்தியாசத்தையும் நான் காணவில்லை. காத்தான்குடியில் ஒரு உம்மா சொன்னதும் வாகரையில் ஒரு அம்மா சொன்னதும் சொல்லுக்குச் சொல் ஒன்றுதான்.

அடுத்தது, கதைக்குள் என்ன இருக்கவேண்டும். எப்படிப் பாவித்தார், எவ்வளவு, எங்கே வாங்கினார் என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். அதில் ஒருவருக்கும் நன்மையில்லை. கொடுத்தவர் பெயர், கூட்டாளிகள் பெயர் வரவே கூடாது. உங்கள் பாதுகாப்புக்காகவும், அந்தக் கூட்டாளிப் பொடியன்மாரில் யாராவது இப்போது விடப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காகவும். இருக்கவேண்டியது, அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாமல் இருந்து, தெரிந்திருந்தால் உதவியிருக்கக்கூடிய விஷயம். உங்கள் தம்பியின் கதையில் அது கண்முன்னே இருக்கிறது. தூள் தொடர்ந்து பாவிக்கும்போது உடம்பு அதைத் தாங்கப் பழகுகிறது. சில கிழமை விட்டிருந்தால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். திரும்பத் தொடங்கும்போது கை பழைய அளவைத்தான் எடுக்கும். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் அளவு மிஞ்சி இறக்கும் ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு. முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ பிள்ளை வீட்டுக்கு வரும் நாளை நாம் பிரச்சினை முடிந்த நாள் என்று பொங்கல் வைக்கிறோம். உண்மையில் அந்த இரண்டு கிழமைதான் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய காலம். எழுப்பினால் எழும்பாமல், குறட்டை போல ஒரு கரகரப்போடு, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால், நித்திரை என்று விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கவேண்டும். இந்த நாலு வரியை உங்கள் வாயால் ஒரு தாய் கேட்டால் மறக்கமாட்டார்.

இதைச் சொல்லும்போது ஒன்று கவனம். நாங்கள் கவனித்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்ற இடத்துக்கு உங்கள் மனம் ஓடும். அந்த நேரத்தில் உங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்கு நீங்கள் குற்றவாளி ஆகமுடியாது, அம்மாவும் ஆகமுடியாது.

கேட்பவர்களின் வீட்டில் வேறு போதை இருக்கலாம், அதனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் நாளும் பொழுதும் குடித்தவர் சாமிக்கு நேர்த்தி வைத்துச் சட்டென்று நிறுத்தினால், கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் வைத்தியர் பார்வையில் நிறுத்தவேண்டும். ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமைன் பாவித்தவர் நிறுத்தினால் உடம்பு அப்படி ஆபத்துக்குப் போவது குறைவு, ஆனால் மனம் கிடங்கில் விழும். நாள்கணக்கில் நித்திரை, ஒன்றிலும் பிடிப்பில்லாமை, சாவு நினைப்பு. ஐஸ் பழக்கத்தை விடவைக்கும் மருந்து என்று உறுதிப்படுத்தப்பட்ட ஒன்று இன்னும் இல்லை. உளவளத்துணையும் கூட இருக்கும் மனிதரும்தான் மருந்து. "சோம்பேறியாப் படுத்துக் கிடக்கான்" என்று ஏசுகிற அந்த நாட்கள்தான் அவனைத் தனியே விடக்கூடாத நாட்கள்.

உங்கள் தம்பி கடைசியில் எப்படிப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஒருவேளை தானாக எடுத்த முடிவாக இருந்தால், இந்தப் பந்தி உங்களுக்கு. எந்த வழி, எந்த இடம் என்ற விவரம் ஒன்றும் கதையில் வரக்கூடாது. "நிம்மதியாப் போயிட்டான்" என்ற சொல்லும் வேண்டாம். ஆஸ்திரியாவில் வியன்னா நகரச் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் விலாவாரியாக எழுதிவந்தன. 1987இல் எழுதும் முறையை மாற்றினார்கள், அங்கே தற்கொலைகள் சடுதியாகக் குறைந்தன. அதே நாட்டில் 2010இல் வந்த ஆய்வு ஒன்று, சாவு நினைப்பு வந்தும் அதைக் கடந்து வந்தவர்கள் பற்றிய செய்திகள் வந்த காலத்தில் தற்கொலை குறைந்திருந்ததைக் காட்டியது. முன்னது பல இடங்களில் உறுதியானது. பின்னதற்குச் சாட்சி கூடிக்கொண்டு வருகிறது. நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து சட்டப்படி குற்றமில்லை. இது தெரியாமல் இன்னும் பலர் வைத்தியசாலைக்குப் போகப் பயப்படுகிறார்கள். சொல்வதானால் இதையும் சொல்லுங்கள்.

சொற்களைப் பற்றி ஒரு சிறு விஷயம். 2010இல் ஒரு ஆய்வில், மனநலத் துறையில் வேலை செய்யும் ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களிடம் ஒரே மனிதரின் விவரத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் அந்த ஆளையே போதைக்காரர் என்ற மாதிரி, மற்றதில் போதைப் பாவனைக் கோளாறு உள்ளவர் என்று. முதலாவதை வாசித்தவர்கள், இவர் தண்டிக்கப்படவேண்டியவர் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். படித்தவர்களே அப்படி என்றால் ஊர்ச்சனத்தை என்ன சொல்ல. "குடுகாரன்", "பழுதாப்போனவன்" என்பதையெல்லாம் உங்கள் பக்கங்களில் தேடி எடுத்துவிடுங்கள். அவர் யார் என்பதையும் சேருங்கள். இடது காலால் பந்தடிப்பான் என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அது மாதிரி.

இனி அம்மா. அம்மாவின் மறுப்பை ஒரு தடையாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. இந்தக் கதை உங்களுடையது, ஆனால் உங்களுடையது மட்டும் இல்லை. வீட்டில் இன்னொரு தங்கச்சி இருக்கிறா, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது இது வரும். வரக்கூடாது என்று நானும் சொல்கிறேன், ஆனால் வரும். அந்தப் பிள்ளையிடமும் கேட்கவேண்டும். முகநூலில் போடுவதைப் பற்றியும் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். முற்றத்தில் சொன்னது முற்றத்தில் நிற்கும், திரும்பப் பேசி விளக்கலாம். முகநூலில் படத்தோடு போட்டது யாருடைய வட்ஸ்அப்பில் எந்தத் தலைப்போடு சுற்றும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. ஒரு வருடமாவது போகட்டும். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால், வீட்டில் எல்லாரும் சம்மதித்தால், பார்க்கலாம். "செத்தவன ஏன் சந்திக்கு இழுக்கிறாய்" என்ற அம்மாவின் சொல்லுக்குள், சந்தி வேண்டாம் என்பதுதான் இருக்கிறது. பேசவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

உங்களைப் பற்றியும் கேட்கவேண்டும். எட்டு மாதம் என்பது நீண்ட காலம் இல்லை. அழுகை வருவது, கோபம் வருவது, சில நாள் மறந்துபோய்ப் பிறகு அதற்காக வெட்கப்படுவது, எல்லாம் இருக்கும். ஆனால் ஆறு மாதம் தாண்டியும், சாப்பாடு, நித்திரை, வேலை ஒன்றும் நடக்கவில்லை, நாள் முழுக்க அவரைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்ற நிலை என்றால், அதை நீடித்த துக்கம் என்று தனியாகப் பார்க்கிறார்கள், அதற்கு உதவி உண்டு. அம்மாவுக்கும் இதே அளவுகோல்தான். 1926 மனநல உதவி இலக்கம், 1927 போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு. நேரில் போகலாம் என்றால் பக்கத்து வைத்தியசாலையின் மனநலக் கிளினிக், அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர். நீங்கள் அங்கே சொல்வது வெளியே போகாது.

கழகத்துக்கு என்ன சொல்வது? மண்டபத்தில் பேசமாட்டேன், ஆனால் உதவி செய்வேன் என்று சொல்லுங்கள். ஜூன் 26க்கு அவர்கள் ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால், பெற்றோரை மட்டும் கூப்பிட்டு, கிளினிக்கிலிருந்து ஒரு வைத்தியரையோ தாதியையோ அழைத்து, எங்கே போவது, எப்படிக் கேட்பது என்று சொல்லவைக்கலாம். மிச்ச வருடம் முழுக்கப் பின்னேரங்களில் மைதானத்தைத் திறந்து வைத்திருந்து, முகாமிலிருந்து வரும் பொடியனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டால், நான் அவர்களுக்குக் கைகூப்புவேன். திரும்பி வந்தவனை அணியில் சேர்க்காத கழகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் முதலில் அந்த மூன்று பக்கத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு அதில் எது பிழை, எது விடுபட்டது என்று தெரியும். "அம்மா இன்னும் ராவில முன்வாசல் லைட்டை நூர்க்கிறதில்ல" என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரி பக்கங்களில் இல்லையென்றால், அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். வெளிச்சம் இருக்கும்போது, பகலில் வாசியுங்கள், மாமியோ பெரியம்மாவோ பக்கத்தில் இருந்தால் நல்லது. நடுவில் அம்மா போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் வாசிக்கலாம்.